இன்னும் ஒரு கரண்டி

"பெத்த பொண்ணு சாப்பிட உட்கார்ந்திருக்கா. என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

அத்தைக்குப் பொறுக்கவில்லை. அவளும் வந்ததிலிருந்து பார்க்கிறாள். பாத்திரங்களை மேஜையில் திறந்து வைத்ததோடு தம்பி மனைவியின் வேலை முடிந்துவிட்டது. மகள் எதை எடுத்தாள், எவ்வளவு எடுத்தாள் என்று ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை. மழை, பஸ், பக்கத்து வீட்டுப் பூனை என்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறாள்.

"அவளே போட்டுக்குவா அண்ணி. சாப்பிடும்போது சாப்பாட்டைப் பத்தி யாரும் பேசக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"நல்ல டாக்டரம்மா. ஊசி இல்ல, மாத்திரை இல்ல. ரெண்டு வருஷமா பேசியே வைத்தியம் பாக்கறாங்களாம்."

பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. சாப்பிட்டதையெல்லாம் யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுத்து எடுத்து, ஒரு நாள் காலேஜ் படிக்கட்டில் மயங்கி விழுந்தவள். இப்போது கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. எல்லாம் தான் அன்றைக்குப் போட்ட அஸ்திவாரம் என்று அத்தை நினைத்துக்கொண்டாள். நினைத்ததை மனதோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ஒரு வருஷம் இவளை வளர்த்தது யாரு? எட்டு வயசு இவளுக்கு. தட்டு காலியாகாம எந்திரிச்சிருப்பாளா? அழட்டும், குமட்டட்டும், கரண்டியோட பக்கத்துலயே நிப்பேன். துப்பினா அதையே எடுத்துத் திரும்ப ஊட்டுவேன். கொழுகொழுன்னு உன் கையில ஒப்படைச்சேனா இல்லையா?"

சொல்லும்போதே அத்தைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பட்ட பாடு வீண் போகவில்லை. இல்லாவிட்டால் இத்தனை சொந்தக்காரர்கள் இருக்க, தன்னை மட்டும் இவளே போன் செய்து, "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க அத்தை" என்று கூப்பிடுவாளா?

பெண்ணின் கை பாதியில் நின்றது. இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி வைத்து, மூச்சை மெல்ல விட்டாள். பிறகு மீதியைச் சாப்பிட்டு முடித்தாள்.

"இவ்வளவுதானா? கொறிச்சுட்டு எந்திரிக்கறே. இன்னும் ஒரு கரண்டி."

கரண்டி தட்டை நோக்கி வந்தது. பெண் உள்ளங்கையைத் தட்டின் மேல் விரித்தாள்.

"போதும் அத்தை."

"அத்தை சொல்றேன்ல? கையை எடு."

"வயிறு நிறைஞ்சிடுச்சு அத்தை. வேண்டாம்."

குரல் நடுங்கவில்லை. கை நகரவும் இல்லை.

இவளைக் கண்டிக்கச் சொல்லி அத்தை தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். அவளோ கண் நிறைய நீரும் முகம் கொள்ளாத சிரிப்புமாக நின்றிருந்தாள்.

"பெரியவங்க பேச்சைத் தட்டறா. நீ என்னமோ அவ மெடல் வாங்கின மாதிரி பூரிச்சுப் போய் நிக்கறே."

"மெடல்தான் அண்ணி. 'போதும்'னு சொல்ல என் பொண்ணுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. டாக்டரம்மா ரூம்ல ஒரு காலி நாற்காலியைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினா. அவசரமே இல்ல, நேர்ல சொல்றதுக்கு நீயே நாள் பாருன்னாங்க. இன்னிக்குன்னு அவளேதான் முடிவு பண்ணா. எனக்குப் பெருமையா இருக்கு."

"காலி நாற்காலியா? அதுல யாரு இருக்கறதா நினைச்சு?"

அத்தை தன் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தாள். அது திடீரென்று கனத்தது.

பெண் எழுந்து, தன் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். கழுவின தட்டு ஒன்றை அதன் முன்னால் வைத்தாள்.

"நீங்கதான் அத்தை. இப்ப நிஜமாவே வந்து உட்காருங்க. உங்களுக்கு எவ்வளவு வேணுமோ, நீங்களே போட்டுக்கங்க."