ஒன்பது புள்ளி எட்டு

மறுபடியும் ஒன்பது புள்ளி இரண்டு.

அவள் ஊசலை நிறுத்திவிட்டுக் கணக்கை முதலிலிருந்து பார்த்தாள். நூலின் நீளம் சரி. வகுத்தது சரி. அளவீடுகள் ஒன்றையொன்று ஒட்டியே நின்றன. கை தவறியிருந்தால் இப்படி ஒரே பக்கமாகத் தவறாது.

கோளாறு கருவியில்.

சாவி கொடுக்கும் அந்தப் பழைய ஸ்டாப்வாட்ச்சைச் சுவர்க் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தாள். நிமிடத்துக்கு இரண்டு விநாடி முந்தி ஓடியது.

செய்முறைத் தேர்வு என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று. அவ்வளவு சந்தோஷம்.

சீட்டுக் குலுக்கலில் ஊசல் சோதனை விழுந்த மற்ற மூவரும் அதைத் தொடவேயில்லை. புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு என்பது ஊருக்கே தெரியும். விடையில் தொடங்கி, பின்னோக்கி நடந்து, அட்டவணையை நிரப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கல்லூரியில் காலங்காலமாக அதுதான் வழக்கம். தொடாத ஊசல் யாரையும் ஏமாற்றியதில்லை.

லேப் பொறுப்பாளர் ஞானசிகாமணியிடம் ஓடினாள்.

"வாட்ச் வேகமா ஓடுறது எனக்கும் தெரியும்மா." குரலைத் தாழ்த்தினார். "எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்துட்டே இருக்காரு. ஒன்பது புள்ளி எட்டு வரலேன்னா பெயிலாக்கிடுவாரு. மாத்தி எழுது, போ."

அவருக்கும் தெரியுமாம்.

பெயிலானால் எம்.எஸ்ஸி. சீட் போச்சு.

எழுதினாள்.

மற்றவர்களைப் போல ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுத அவளுக்கு மனம் வரவில்லை. மனிதக் கை எவ்வளவு தடுமாறும் என்று தெரிந்தவள். முக்கால்வாசி அளவீடுகளைச் சராசரிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றிரண்டைத் தள்ளி வைத்தாள். ஒன்றை வேண்டுமென்றே கெடுத்தாள். திட்ட விலக்கம், பிழை வரம்பு, எல்லாம் போட்டாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் அந்தப் பாடத்தை முழுதாகப் படித்திருந்தாள். அது பொய்க்குத்தான் உதவியது.

எக்ஸ்டர்னல் மற்ற மூவரின் தாள்களையும் முகம் சுளித்துப் புரட்டினார். அவளுடையதில் நின்றார்.

"எல்லாரும் இங்க வாங்க. இது ஒண்ணுதான் கையால எடுத்த ரீடிங். மத்ததெல்லாம் ஏமாத்து வேலை."

முழு மதிப்பெண் போட்டார்.

ஞானசிகாமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எக்ஸ்டர்னல் அவள் பக்கம் திரும்பினார். "எப்படிம்மா எடுத்த? இவங்களுக்கும் கொஞ்சம் சொல்லு."

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள்.

"பொறுமையா எடுத்தேன், சார்."