பதினான்காவது கோடு

முட்டையை உடைத்து மஞ்சள் கருவைத் தனியே ஒதுக்கினாள் கிளெனிஸ். காலைச் சாப்பாட்டுக்கு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். வெள்ளைக் கருவில் ஒரு சொட்டு எடுத்து, ஆய்வகத் தலைவர் நெவிலின் பாட்டிலில் விட்டு மூடினாள்.

பாட்டிலில் இருந்தது மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்த நொதி; நாம் இழுக்கும் மூச்சை உடம்புக்குச் சக்தியாக்குவது. அதில் எத்தனை புரதத் துண்டுகள் என்று கண்டுபிடிப்பதுதான் அந்த மெல்பர்ன் ஆய்வகத்தின் பிழைப்பு. ஜெல் என்ற கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டினால் துண்டுக்கு ஒரு நீலக்கோடு விழும்.

பதின்மூன்றாவது கோட்டைக் கண்டுபிடித்தவள் கிளெனிஸ். கட்டுரையில் வந்ததோ பேராசிரியர் நெவிலின் பெயர் மட்டும்; அவளுக்கு அடியில் ஒரு வரி நன்றி. நாலு வருஷமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது.

மறுவாரம் நெவில் ஓடிவந்தார். "பதினாலாவது கோடு, கிளெனிஸ்! மூணு தடவை ஓட்டிட்டேன், மூணு தடவையும் விழுது!"

ஒரே பாட்டிலில் எடுத்தால் முப்பது தடவையும்தான் விழும். "அட, உடனே எழுதி அனுப்புங்க. பிரிஸ்பேன்காரங்க முந்திக்கப் போறாங்க!" என்று தூபம் போட்டாள்.

"ஆமா, உன் முழுப் பேரு என்ன? நடுவுல ஏதோ வருமே?"

"கிளெனிஸ் மாட் ட்ரெவாஸ்கிஸ். இப்ப எதுக்கு அது?"

"ஒரு ஃபாரம் நிரப்பணும். ரிடையர் ஆகுறதுக்குள்ள எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிடணும்ல?" என்றபடி ஆய்வக மேசையிலேயே முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தார் நெவில். அந்தக் கெட்ட பழக்கம் ஊரறிந்தது. கிளெனிஸுக்கு அதுதான் வசதி.

ஆகஸ்டில் மாநாடு. திரையில் பதினான்கு கோடுகளைக் காட்டிவிட்டு, கையில் ஒரு புது இதழோடு நின்றார் நெவில். "கடைசியா ஒரு நல்ல சேதி இருக்கு. அதுக்கு முன்னாடி யாருக்காவது கேள்வி உண்டா?"

கிளெனிஸ் எழுந்தாள். "பக்கத்துல கொஞ்சம் முட்டை வெள்ளைக் கருவையும் ஓட்டிப் பாத்தீங்களா, நெவில்? அச்சு அசலா அதே இடத்துல கோடு விழும். வேலை செய்யுற மேசையில சாண்ட்விச் தின்னா இப்படித்தான்!"

முந்நூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இதை எழுதின மேதை யாருப்பா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். கிளெனிஸுக்கு நாலு வருஷ எரிச்சலும் ஒரே நொடியில் அடங்கியது.

நெவிலின் முகம் வெளுத்துப் போயிருந்தது. கையிலிருந்த இதழை மெல்ல அவள் பக்கம் நீட்டினார்.

"ஐயோ கிளெனிஸ், கட்டுரை நேத்தே அச்சாயிடுச்சே... உன் பேர்ல மட்டும்!"