ஆஸ்பத்திரிக்கு இடம்

"எவனாச்சும் இந்தக் கொட்டகை மேல கைய வச்சீங்க, அந்தக் கையை வெட்டிப்புடுவேன்!"

காளியம்மா பாராங்கத்தியை ஓங்கியபடி வழியை மறித்து நின்றாள். மராமத்து இலாகா கூலிகள் மண்வெட்டிகளைக் கீழே போட்டுவிட்டு ஓவர்சியரின் முகத்தைப் பார்த்தார்கள். சம்பளத்துக்கு மண் வெட்ட வந்தவர்கள், வெட்டுப்பட வந்தவர்கள் இல்லை.

மலாயாவில், லாயாங் லாயாங் ரயிலடிக்குப் பின்னால் இருந்த அந்த மேட்டில் சின்னதாக ஓலை வேய்ந்த ஓர் அத்தாப்புக் கொட்டகை. உள்ளே இடுப்பளவு உயரத்தில் ஒரு கல், மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி நின்றது. பக்கத்து ரப்பர் தோட்டத்து ஜனங்களுக்கு அதுதான் முனியாண்டி சாமி.

ஓவர்சியர் சதாசிவம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். சாயங்கால ரயிலில் துரை வந்து இறங்குவதற்குள் இடத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். அவர் ஏனோ கொட்டகைப் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"இந்தாம்மா, கத்தியக் கீழ போடு. இங்க என்ன சாராயக் கடையா கட்டப் போறோம்? ஆஸ்பத்திரிம்மா. உங்களுக்காகத்தான் கட்டுறாங்க."

"இப்பவா?" என்றாள் காளியம்மா. "இம்புட்டு வருசமா உங்க சர்க்காரு எங்க போயிருந்துச்சு?"

"சீமையில சண்டை நடந்தது உனக்குத் தெரியாதா? சிமெண்டு இல்ல, இரும்பு இல்ல, கொண்டு வரக் கப்பல் இல்ல. ஒரு கட்டடமும் கட்டக் கூடாதுன்னு மேலேருந்து உத்தரவு. இப்பத்தான் சண்டை ஓஞ்சு, கட்டச் சொல்லியிருக்காங்க."

"கப்பல் இல்லையா? அப்ப நாங்க எடுத்த ரப்பரெல்லாம் நீந்தியா போச்சு? சண்டைக்கு ரப்பர் வேணும், சண்டைக்கு ரப்பர் வேணும்னு காய்ச்சக்காரனைக் கூட உதைச்சு எழுப்பி மரத்துக்கு அனுப்புனீங்களே, அதுக்கு மட்டும் கப்பல் இருந்துச்சா?"

சதாசிவம் ரயில் வருகிற திசையைப் பார்த்தார்.

காளியம்மாவின் கணவன் லெட்சுமணன் அவள் முழங்கையைத் தொட்டான். "விடு புள்ள. சர்க்கார் ஆளுங்க. நமக்கு எதுக்கு வம்பு?"

"நீ சும்மா இருய்யா! அன்னிக்கும் இப்படித்தான் கைகட்டி நின்ன."

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"ஓவர்சியர் ஐயா, போன வருசம் விஷக் காய்ச்சல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? எங்க கூலி லயத்துல வீட்டுக்கு வீடு சாவு. எம்மவ செல்லத்துக்கும் ஒடம்பு கொதிச்சுது. ஜொகூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம்னு ரயிலடிக்குத் தூக்கிட்டு ஓடியாந்தேன். காய்ச்சக்காரங்களை ஏத்த மாட்டோம்னு எறக்கி விட்டுட்டாங்க. அழுதேன், கால்ல விழுந்தேன். வண்டி போயிடுச்சு."

அவள் கத்தியை இறக்கவில்லை.

"அப்புறம் எங்க போவேன் நான்? இங்கதான் தூக்கியாந்தேன். இதோ, இந்தச் சாமி காலடியிலதான் கிடத்துனேன். 'தண்ணி, தண்ணி'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. பொழுது சாயறதுக்குள்ள போயிட்டா."

கூலிகளில் ஒருவன் மெதுவாக முணுமுணுத்தான். "புள்ளையக் காப்பாத்தாத சாமிக்கா இவ்வளவு சண்டை?"

காளியம்மா அவன் பக்கம் திரும்பினாள். "ஆமாய்யா, காப்பாத்தல! நானும் ஏசாத ஏச்சு ஏசிட்டேன். ஆனா இது எங்களை விட்டுட்டு ஓடல. சீமைச் சண்டையக் காட்டி ஒளிஞ்சுக்கல. எம்மவ உசுரு போறப்ப கூட நின்னது இது ஒண்ணுதான். இதையும் புடுங்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரி கட்டுவீங்களோ?"

சதாசிவம் தொப்பியைத் தலையில் வைத்தார், மறுபடி கழற்றினார்.

"நாங்க ஆடு மேய்க்க வந்தப்ப புதருக்குள்ள நின்ன சாமி இது. யாரும் செதுக்கல, யாரும் நட்டு வைக்கல. உச்சியில சூலத்தோட, தானா முளைச்ச சாமி! சுத்தி எம்மாம் பெரிய காடு கிடக்குது. எங்க வேணாலும் கட்டுங்க, நானே வந்து மண்ணு சுமக்கறேன். அதென்ன, என் சாமி நிக்கிற எடந்தான் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா? சொல்லுங்க! ஏன் இதே எடம்?"

சதாசிவம் காலணியைக் கழற்றி வைத்தார். குனிந்து கொட்டகைக்குள் போய்க் கல்லின் உச்சியில் இருந்த மஞ்சளை விரலால் மெல்ல விலக்கினார். மூன்று கோடுகள் தெரிந்தன. அவர் கும்பிடவில்லை. வெளியே வந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"மண்வெட்டியை எடுத்துட்டுப் போங்கடா. இன்னிக்கு வேலை இல்ல," என்றார் கூலிகளிடம்.

காளியம்மா கத்தியைத் தாழ்த்தினாள். "அப்படி வாங்க வழிக்கு. வேற எடம் பாருங்க."

"வேற எடம் இல்லம்மா. இந்த எடத்தைப் பதினாலாம் வருசமே முடிவு பண்ணியாச்சு. அது சூலம் இல்ல, சர்க்கார் கல்லுன்னு அடையாளத்துக்கு நான் உளியால வெட்டின கோடு. ஆஸ்பத்திரிக்கு மூலைக்கல்லா அதை நட்டவனே நான்தான். மறு மாசம் சண்டை வந்துச்சு, அப்படியே போட்டுட்டுப் போயிட்டோம்," என்ற சதாசிவம், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

"நீ செல்லத்தைக் கிடத்துன எடம்... அதுதான்மா அன்னிக்கு நாங்க காய்ச்சல் வார்டுக்குக் கயிறு புடிச்சு அளந்த எடம்."