நூர்தீன் தராத படம்

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் நூர்தீன். மற்றவர்கள் எல்லாம் அப்புறம்தான்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு போட்டோ கடையில் வேலை பார்த்தான். எனக்குத் தம்பி மாதிரி இருந்தான். ஐம்பத்தேழில் என் மனைவி முத்தாயி ஊரிலிருந்து கப்பலில் வந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அப்போதுதான் வந்தாள். எனக்கு ஹார்பரில் மூட்டை வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் லீவு.

"அண்ணிக்கு ஊரைச் சுத்திக் காட்டலாம்ணே. நான் கேமரா எடுத்துட்டு வரேன். பிலிம்ல எட்டுப் படம் எடுக்கலாம்," என்றான் நூர்தீன்.

தேக்கா மார்க்கெட்டிலிருந்து நடந்தே கிளம்பினோம். பஸ்ஸில் போனால் என்னத்தைப் பார்ப்பது? சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம்.

நூர்தீன் பத்தடிக்கு ஒருதரம் நிறுத்தினான்.

"கொஞ்சம் நில்லுங்கண்ணே. அண்ணி பக்கத்துல வந்து நிக்கட்டும்."

"நடக்கும்போதே எடுடா. பொண்டாட்டியோட ஒட்டிக்கிட்டு நிக்க நான் என்ன சினிமாக்காரனா?"

மணிக்கூண்டு பக்கம் வந்ததும் முத்தாயி கேட்டாள்: "ஏங்க, இங்க கொஞ்சம் உக்காரலாமா?"

"உக்காரவா வந்தோம்? பாக்கத்தானே வந்தோம். இன்னும் கடல் வேற இருக்குல்ல."

நூர்தீன்தான் இரண்டு இடத்தில் அவளுக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்து நேரத்தைக் கெடுத்தான்.

மூன்றாவது வாரம் முத்தாயி போய்விட்டாள். நெஞ்சில் கோளாறு ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

காரியம் முடிந்ததும் நூர்தீனிடம் போனேன். அவள் படம் என்று என்னிடம் ஒன்றுகூட இல்லை.

"நாங்க ரெண்டு பேரும் சேந்து நிக்கிற மாதிரி ஒண்ணு குடுடா. போதும்."

"பிலிம்ல வெளிச்சம் பட்டுடுச்சுண்ணே. ஒண்ணும் தேறல." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"வருஷம் பூரா ஊரான் கல்யாணத்தை எடுக்கறே. என் பொண்டாட்டி பிலிம் மட்டும் கெட்டுப்போச்சா?"

தலையைக் குனிந்துகொண்டான்.

பதினோரு வருஷம் அவனோடு பேசவில்லை. தேக்கா மார்க்கெட்டில் எதிரே வந்தால் நான் வேறு பக்கம் போய்விடுவேன். 'அண்ணே' என்று கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான்.

முத்தாயியின் முகம் எனக்கு மறந்துகொண்டே வந்தது. கண்ணை மூடினால் சேலையின் நிறம்தான் வரும். அதற்கும் அவன்தான் காரணம். போன மாதம் அவன் இறந்தபோது அடக்கத்துக்கு நான் போகவில்லை.

நேற்று அவன் மனைவி ஜரீனா ஒரு கவரோடு வந்தாள்.

"அவரு பெட்டியில இருந்துச்சுண்ணே. உங்ககிட்ட குடுக்கவா வேணாமான்னு நாலு நாளா யோசிச்சேன்."

உள்ளே எட்டுப் படங்கள். எதிலும் வெளிச்சம் பட்ட கறை இல்லை.

"கையில வச்சுக்கிட்டே இல்லேன்னிருக்கான், பாவி."

"பாத்துட்டுப் பேசுங்கண்ணே."

பார்த்தேன். பாலம், மணிக்கூண்டு, கடற்கரை. எட்டிலும் முன்னால் போகிற என் முதுகு. பத்தடி பின்னால் முத்தாயி. ஒன்றில் தூணைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றில் நெஞ்சில் கை வைத்திருக்கிறாள். ஒன்றில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்படியும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கப் பார்க்கிறாள்.

நான் ஒன்றில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணன் இதைப் பாத்தா தாங்க மாட்டாரு, என்னையே திட்டிட்டுப் போகட்டும்னு சொல்வாரு," என்றாள் ஜரீனா.

கவரை மூடி வைத்தேன்.

நான் அவனிடம் கேட்டது நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கிற படம். அது இதில் இல்லை. அதை அவன் எனக்கு இன்னும் தரவில்லை.