ஒன்பதாம் அறை

“இந்தம்மா ஒன்பதாம் அறைக்குள்ள காலே வச்சதில்லைங்க. பேக்கிங்லதான் இருந்தாங்க,” என்றார் கம்ப்யூட்டர் திரை செய்யும் ஆலையின் மேலாளர் பியோ.

விசாரணை அதிகாரி, எதிரே உட்கார்ந்திருந்த தொழிலாளி சோ வோல்சனைப் பார்த்தார். கீமோவில் முடி கொட்டிய அவள் தலையில் தொப்பி.

“மூணு வருஷம் அங்கதான் ஒளிரும் பொடியைச் சுரண்டினேன். நோய்க்கு இழப்பீடு கேட்டதும் பேக்கிங்கா? பணிப்பட்டியலைக் காட்டுங்க சார்.”

“கம்ப்யூட்டர் மாத்தினப்போ அழிஞ்சிடுச்சும்மா. எனக்கும் வருத்தம்தான்.”

“ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடை கொண்டாந்தப்பவும் இதே வருத்தம்தான். கூடவே வெத்துத்தாள்ல கையெழுத்து கேட்டீங்க.”

“ஆதாரம் இருக்கா?” என்றார் அதிகாரி.

வோல்சனோடு வந்திருந்த, ஆலையைக் கூட்டிப் பெருக்கும் தொக்ஜா, போர்வையில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு பழைய திரையைப் பிரித்து மின்சாரத்தில் செருகினாள். வெறும் சாம்பல் நிறம் ஒளிர்ந்தது.

பியோ சிரித்தார். “ஒண்ணுமே தெரியலையே அக்கா.”

“கிட்ட வாங்க சார். ஒன்பதாம் அறை வாசல்ல பணிப்பட்டியல் காட்டின திரை. பழசுன்னு நீங்கதான் குப்பையில போட்டீங்க.”

மூன்று வருடம் இரவும் பகலும் ஒரே இடத்தில் எரிந்த எழுத்துகள், அங்கிருந்த ஒளிப்பொருளைத் தின்றிருந்தன. சாம்பலுக்குள் மங்கலாய்த் தெரிந்தது: ‘ஒன்பதாம் அறை – சோ வோல்சன்.’

“அதை அணைங்க,” என்றார் பியோ.

“எரியட்டும்,” என்ற அதிகாரி பேனாவைத் திறந்தார்.