இந்த வாரமும் பிரேக் இறுகிடுச்சு

"இந்த வாரமும் பிரேக் இறுகிடுச்சுப்பா. சக்கரமே சுத்தல. நீங்க போயிட்டு வாங்க."

கணவர் போனில் சொன்னதைக் கேட்டு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிறு தவறாமல் இதே பாட்டு. பழைய பந்தயக் கூட்டாளிகள் மண் மேட்டுக்கு பைக் ஓட்டக் கூப்பிடுவார்கள். இவர் பிரேக்கைச் சாக்குச் சொல்லிக் கழற்றிக்கொள்வார். பிறகு ஷெட்டில் உட்கார்ந்து அதே வண்டியைத் துடைத்துத் துடைத்துப் பொழுதைக் கழிப்பார்.

"கப்பு கப்பா ஜெயிச்ச மனுஷன். ஒரு பிரேக்கைச் சரிபண்ணத் துப்பில்ல!"

"பழைய வண்டிம்மா. அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டு அவர் கடைக்குக் கிளம்பினார்.

அந்த வண்டியை அவளுக்கா தெரியாது? மேட்டில் ஏறி அது அந்தரத்தில் பறந்ததைப் பார்த்துத்தானே மனசைப் பறிகொடுத்தாள். இறங்கி வந்தவருக்கு முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை. என்ன சிரிப்பு அது! அதைப் பார்த்து எத்தனை காலமாச்சு!

கல்யாணமான புதுசில் ஒருமுறை விழுந்து காலை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நின்று, அழுதுகொண்டே வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். என்ன பேசினாள் என்பதே இப்போது மறந்துவிட்டது.

நாளை அவருக்குப் பிறந்தநாள். சட்டையெல்லாம் வேண்டாம், வண்டியையே ஓடவைத்துக் கொடுப்போம் என்று தெருமுனை மெக்கானிக்கை வரவழைத்தாள்.

மெக்கானிக் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார். அரைச் சுற்றிலேயே நின்றது. சக்கரத்தருகே பிரேக்கிலிருந்த சின்ன நிப்பிளைத் தளர்த்தினார். பிரேக் ஆயில் கொஞ்சம் பீய்ச்சியது. சக்கரம் லேசாகச் சுழன்றது.

"கீழே ஒண்ணும் கெடலம்மா. ஆயில் மேல திரும்ப முடியாம அமுக்கிட்டு நிக்குது" என்றவர், கைப்பிடியில் பிரேக் லீவரைப் பார்த்தார். "அட! இந்த ஸ்குரூவை முழுசா உள்ள முடுக்கி வெச்சிருக்காங்க. லீவரை எப்பவும் அழுத்திப் பிடிச்ச மாதிரியே இருக்கு. அப்புறம் பிரேக் எப்படி விடும்?"

"தானா முடுக்கிக்குமா?"

"நட்டு வேற போட்டு இறுக்கியிருக்கு. விவரம் தெரிஞ்ச கைதான்."

ஸ்குரூவைத் தளர்த்தி, நிப்பிளை மூடி, ஆயிலைச் சரிபார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

கணவர் திரும்பியபோது அவள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்காமல் சுழல்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு முகம் வெளுத்துப்போனது.

"முடுக்கி வெச்சது நீங்கதானே?"

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"வேணும்னே கெடுத்து வெச்சுட்டு இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் பொய்! விழுந்ததுல பயந்துட்டேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? என்கிட்டகூடச் சொல்லக் கூடாதா?"

அவர் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சு, 'இனிமே இதுல ஏறமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க'ன்னு அழுதியே... பண்ணிட்டேன். ஆனா இதைப் பார்த்தாலே கை துறுதுறுங்கும். அதான் முடுக்கி வெச்சேன்."

"அதை உங்க கூட்டாளிங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா 'பொண்டாட்டி விடமாட்டேங்கிறா'ன்னு உன்னைத்தானே பேசுவாங்க. பேசினா பிரேக்கைப் பேசிட்டுப் போகட்டும்."