எந்தக் காந்தாரம்

போடி கடைவீதி ஜவுளி வியாபாரி பொன்னுராஜ், வீட்டுக் கூடத்தில் மகள் கிருபையின் சவப்பெட்டியருகே கிதாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மலைக்காய்ச்சல் ஆறு வயதுப் பிள்ளையை நேற்று கொண்டுபோய்விட்டது. கண்ணாடி ஓட்டின் வழியே விழும் வெயிலில் பெட்டியின் புதுப்பலகை மின்னுகிறது. தெருவிலிருந்து ஏலக்காய் வாசம் வருகிறது. மனைவி சாராள் ஆர்மோனியத்தில் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்துப் பிடிக்கிறாள். அதன்மேல் மனசுக்குத் தோன்றியதை வாசிப்பது அவர் வழக்கம். நடுவில் வரவேண்டிய காந்தாரத்தை இன்றும் அவருக்கே விட்டுவிட்டாள். சின்னக் காந்தாரத்தைத் தொட்டால் மெட்டு அழும்; பெரியதைத் தொட்டால் சிரிக்கும். அவர் விரல் இரண்டுக்கும் நடுவே தயங்கி நிற்கிறது. பெட்டியைத் தூக்க வந்தவர்கள் வாசலில் காத்திருக்கிறார்கள்.

“அழுகுற மாதிரி வாசிக்காதீக,” என்கிறாள் சாராள். “அதக் கேட்டா பிள்ள பயப்படுவா.”

“சிரிக்கிற மாதிரி வாசிச்சா வந்தவுக என்ன நெனப்பாக?”

“அவுகளுக்கா வாசிக்கிறீக?”

பொன்னுராஜின் விரல் கிதார்த் தந்தியில் ஒரு கட்டம் மேலேறிப் பெரிய காந்தாரத்தை அழுத்துகிறது. கிருபை கைதட்டி ஆடிய மெட்டு கூடத்தில் எழுகிறது. சாராளும் அதே காந்தாரத்தில் விரலை வைக்கிறாள். அதை ஒலிக்கத் துருத்தியைத் தள்ளத்தான் அவளுக்கு இனிக் கை எழவில்லை.